எட்டு வாங்கினோம், நாலு காட்டுது!



போன இதழில் மழைக்காலத்தில் பருப்பு, பயறு கெடாமல் வைக்கிற விதத்தை எழுதியிருந்தேன். இந்த இதழில் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப் போகிறேன். என்ன, சிரிக்கிறீர்களா? கிரைண்டர் ஓடவில்லையென்றாலும், ஃபேன் சுற்றவில்லையென்றாலும் வீட்டில் முதல் சத்தம் "அம்மா!" என்றுதானே வருகிறது? கம்ப்யூட்டர் நின்றாலும் அப்படித்தான். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது. அதோடு, இந்த விஷயத்தில் நான் ஒரு தப்பும் செய்துவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சிந்துபூந்துறையில், தாமிரபரணிக்குப் பக்கத்தில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு வீட்டுக்குள் வந்தது. ஃபிரிட்ஜும் கிரைண்டரும் போயின. கம்ப்யூட்டரை மட்டும் என் மகள் பரணில் தூக்கி வைத்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பிழைத்தது. ஆனால் சுவரெல்லாம் ஒரு மாதம் ஈரம் காயவேயில்லை.

தை பிறந்ததும், தூசி தட்டித் தருவதற்காக அதை எங்களுக்குத் தெரிந்த கடைத் தம்பியிடம் கொடுத்தோம். அந்த வருஷம் மே மாதம் அதே தம்பிதான் நாலு ஜி.பி. ரேம் இருந்த பெட்டியில் இன்னொரு நாலு ஜி.பி. போட்டு எட்டாக்கித் தந்திருந்தார்.

திரும்பி வந்த கம்ப்யூட்டர் வேலை செய்தது. ஆனால், "அம்மா, வண்டிமாடு மாதிரில்லா நடக்கு!" என்றாள் மகள். காலேஜில் அவளுக்குக் கடைசி வருஷம். புராஜெக்டை முடித்துக் கொடுக்க மூன்றே வாரம்தான் பாக்கி. என் மைனி மகன் வந்தான். பென் டிரைவிலிருந்து ஓடுகிற மெமரி டெஸ்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். திரையின் உச்சியில் மொத்த மெமரி 3.8 ஜி.பி. என்று காட்டியது.

"அத்தை, எட்டு இருக்கணும். ஒண்ணைக் காணோம்" என்றான்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் போன வேதனை ஒரு பக்கம், கையில் காசு இல்லாத கவலை ஒரு பக்கம். நேரே கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கிற இடம் என்றும் பாராமல், "நம்பித்தானே தம்பி தந்தேன்? இப்படி ஒண்ணை உருவிக்கிட்டு அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தத் தம்பியின் முகம் செத்துப்போயிற்று. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "பெட்டியைக் கொண்டாங்க அக்கா, உங்க முன்னாலேயே திறக்கேன்" என்றார். கொண்டு போனோம். திறந்தார். உள்ளே ரேம் அட்டைகள் இரண்டும் பத்திரமாக இருந்தன! ஒன்றை மெல்லக் கழற்றிக் காட்டினார். கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகளில் பச்சையும் கறுப்புமாகக் கறை. ஈரக்காற்று செய்த வேலை. "தூசி தட்டிப் பழையபடி மாட்டினேன். கறையைக் கவனிக்காதது என் தப்புதான்" என்றார். பிள்ளைகள் பயன்படுத்துகிற வெள்ளை ரப்பரால் பட்டைகளைப் பதமாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்படி மாட்டினார். மறுபடி டெஸ்ட். 7.8 ஜி.பி.!

எனக்குத் தலை நிமிரவில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்கிறதா? "அப்போ மீதி இருநூறு எங்கே தம்பி?" என்று கேட்டேன். அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்று அவரிடமும், பிறகு மைனி மகனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இனி எழுதுகிறேன்.

முதலில் ரேம் என்றால் என்ன? நம் வீட்டில் அரங்கு இருக்கிறது, அடுப்பு மேடை இருக்கிறது. அரிசி, பருப்பு, புளி எல்லாம் அரங்கில். அன்றைய சமையலுக்கு எடுத்து வைத்து நறுக்குவதும் அரைப்பதும் மேடையில். கம்ப்யூட்டரின் டிஸ்க் அரங்கு, ரேம் மேடை. மேடை பாதியாகிவிட்டால் சமையல் நிற்காது, ஆனால் இடமில்லாமல் தடுமாறும். எங்கள் கம்ப்யூட்டர் தடுமாறியது அதனால்தான்.

இனி, கணக்கு ஏன் குறைகிறது என்று பார்ப்போம்.

கொஞ்சம் குறைந்தால் பயமில்லை. தனியாக டிஸ்பிளே கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், திரையில் படம் காட்டுவதற்கு ரேமிலிருந்தே ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிடுவார்கள். சில பெட்டிகளில் அது நூறு, இருநூறு எம்.பி.; சிலவற்றில் இரண்டு ஜி.பி. வரைகூடப் போகும். பாபநாசத்தில் திறந்துவிடுகிற தண்ணீர் முழுவதும் ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேருகிறதா? வழியிலேயே கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று பங்கு பிரிந்துவிடுகிறது. கடைசி அணைக்கட்டில் அளந்து பார்த்துவிட்டு மேலே இருப்பவரைத் திருடர் என்று சொன்னால் நியாயமா? எங்கள் 0.2 ஜி.பி. அப்படிப் பிரிந்த பங்குதான்.

சரிபாதி குறைந்தால் ஓர் அட்டை தெரியவில்லை என்று அர்த்தம். எட்டுக்கு நாலு, பதினாறுக்கு எட்டு என்று காட்டினால், அட்டை சரியாக உட்காரவில்லை, அல்லது கறை, அல்லது அட்டையோ அது உட்காரும் ஸ்லாட்டோ பழுது.

மூன்று, மூன்றேகாலில் நின்றால் விண்டோஸைப் பாருங்கள். பழைய 32 பிட் விண்டோஸுக்கு நாலு ஜி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. நாலு இலக்கத்தில்தான் கதவு எண் போடலாம் என்றால் 9999-வது வீட்டுக்கு அப்புறம் கட்டுகிற வீட்டுக்கு எண் ஏது? தபால்காரர் எப்படி வருவார்? இருக்கிற எண்ணிலும் சிலவற்றை மற்ற உறுப்புகள் எடுத்துக்கொள்வதால் மூன்று சொச்சம்தான் மிஞ்சும். 64 பிட் விண்டோஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகும். மிகப் பழைய மதர்போர்டானால், இவ்வளவுக்கு மேல் ஏற்காது என்ற வரம்பு அதற்கே உண்டு. புது ரேம் வாங்குமுன் அந்த வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் 64 என்று அச்சடித்து, போட்டுப் பார்த்தால் 59 சொச்சம் காட்டும். அது ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதற்கும் 1024 ஆக எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். ரேமுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. ரேமை விற்பதும் 1024 கணக்கில்தான்.

இன்னொன்று. மெமரி டெஸ்டில் தப்பே வரவில்லை என்பதால் எல்லா ரேமும் நல்ல ரேம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற ரேமை மட்டும்தான் அது சோதிக்கும். ஆஜர் ஆகாத பிள்ளைக்கு வாத்தியார் எப்படி மார்க் போடுவார்? அதனால் முதலில் மொத்தத்தைப் பாருங்கள், பிறகு தப்பு வருகிறதா என்று பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் தப்பு என்று வரி வரியாக வந்தால் பெரும்பாலும் அட்டையில்தான் கோளாறு.

சோதிக்கிற வரிசை இது:

1. பில்லை எடுத்து, எத்தனை ஜி.பி., எத்தனை அட்டை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டினால் பயாஸ் திரை வரும். (சில கம்பெனிகளில் வேறு பொத்தான்.) அங்கே மொத்தத்தைப் பாருங்கள். அங்கேயே பாதிதான் என்றால் கோளாறு அட்டையிலோ ஸ்லாட்டிலோ. அங்கே முழுசாக இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால் கோளாறு விண்டோஸ் பக்கம்.

3. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. "ஹார்ட்வேர் ரிசர்வ்டு" என்று எழுதியிருப்பதுதான் முன்கூட்டியே ஒதுக்கின பங்கு.

4. அந்தப் பங்கு அளவுக்கு மீறி இருந்தால், எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போங்கள். "மேக்சிமம் மெமரி" பக்கத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள்.

5. பெட்டியைத் திறப்பதானால் முதலில் வயரைப் பிளக்கிலிருந்து உருவுங்கள். பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தி விடுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு அட்டையைத் தொடுங்கள். நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் அட்டையைக் கெடுத்துவிடும். பட்டைகளில் விரல் படக் கூடாது. ஈரத்துணி கூடவே கூடாது.

6. ஓர் அட்டையை மட்டும் மாட்டிப் பாருங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, அதே ஸ்லாட்டில் மற்றதை. ஓர் அட்டை மட்டும் எந்த ஸ்லாட்டிலும் தெரியவில்லையென்றால் அட்டை பழுது. எந்த அட்டையும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் தெரியவில்லையென்றால் ஸ்லாட் பழுது. மதர்போர்டை மாற்றச் சொல்கிறவர்களிடம், "இதைச் செய்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

லேப்டாப் என்றால் நீங்களாகத் திறக்க வேண்டாம். பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். வாரன்டி இருந்தால் அதுவும் போய்விடலாம்.

ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கும்போது, கடையை விட்டுக் கிளம்புமுன் பயாஸில் மொத்தத்தைக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரு தடவை பாருங்கள். பால்காரரிடம் பாலை அளந்து வாங்குகிற மாதிரிதான். இதை நான் அன்றே செய்திருந்தால், நாலு பேர் முன்னால் ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் உளுந்தம்பருப்பு சோறும் எள்ளுத் துவையலும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றைக்கு நின்ற நாலு பேரில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே, "நேத்து நான் சொன்னது தப்பு தம்பி, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றேன். "விடுங்க அக்கா, சோறு ஆறுது" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "மெமரி குறைஞ்சது கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்ல போல. எட்டு வருஷமா பழகுற பையன்னு உனக்கும்லா மறந்து போச்சு" என்றார். எனக்கு இன்றும் அது சுருக்கென்றுதான் இருக்கிறது.

மகள் புராஜெக்டை நேரத்துக்கு முடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் இப்போதும் ஓடுகிறது. மழைக்காலம் வந்தால், ஓடாத நாளிலும் தினம் அரை மணி நேரம் போட்டு வைக்கிறேன். உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது.

அடுத்த இதழில் சந்திப்போம், சகோதரிகளே!