இயல்நிலைக்காக நீக்கப்பட்ட பிள்ளை



அண்மையில் பிரிக்பீல்ட்சு உணவகமொன்றில் ஆசிரிய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், உடற்பயிற்சித் திட்டத்திற்கு முன்னும் பின்னும் 28 மாணவர்களின் எடையை அளந்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். கணினியில் ஷாபிரோ-வில்க் சோதனை செய்ததில், தரவு இயல்நிலைப் பரவலில் இல்லை என்று வந்ததாம். உடனே 71 கிலோ எடையுள்ள மாணவன் ஒருவனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். பி மதிப்பு 0.05-ஐத் தாண்டியது. "தரவு இயல்நிலைக்கு வந்துவிட்டது ஐயா" என்றார் மகிழ்ச்சியோடு.

எனக்கோ நெஞ்சு சுட்டது. யாருக்காக அத்திட்டம் வகுக்கப்பட்டதோ, அந்தப் பிள்ளையையே வெளியேற்றிவிட்டு எழுதும் ஆய்வு எவருக்குப் பயன்படும்?

2008-இல் அறிமுகமான செகாக் உடற்றகுதிச் சோதனைக்காக நாமே உயரமும் எடையும் அளந்திருக்கிறோம். ஒரே வயதுப் பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ மணி வடிவில் அமையும். எடை அப்படியன்று, அதன் வால் வலப்பக்கம் நீளும். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயதினருக்காக 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் அந்தச் சாய்வைக் கணக்கில் கொண்டே வகுக்கப்பட்டவை. உலகம் ஏற்றுக்கொண்ட உண்மையைப் பிழையென்று அழிக்க நாம் யார்?

சோதனையையும் நாம் தவறாகவே படிக்கிறோம். ஷாபிரோவும் வில்க்கும் 1965-இல் தந்த அச்சோதனை, இயல்நிலைக்கு எதிரான சான்று தரவில் உண்டா என்று மட்டுமே கேட்கிறது. சான்று கிட்டவில்லை என்பது இயல்நிலைக்கு மெய்ப்பு ஆகாது. சிறு வகுப்பில் பெருஞ்சாய்வும் அதன் கண்ணுக்குத் தப்பலாம். ஆயிரக்கணக்கான அளவீடுகளில் அற்ப விலகலும் பெரிதாகத் தோன்றும். ஆகவே, முதலில் வரைபடம் வரைந்து கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. முன்-பின் ஒப்பீட்டுக்கான டி-சோதனையில் இயல்நிலையை ஒட்டி இருக்க வேண்டியவை எடைகள் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்பட்ட எடை வேறுபாடுகளே! அவையும் பொருந்தாவிடில், 1945-இல் வில்காக்சன் தந்த தரவரிசைச் சோதனை இருக்கிறது. தராசு பிழைத்திருந்தாலன்றி எந்த அளவீட்டையும் நீக்கக்கூடாது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவானவை. அங்கே ஒரு பிள்ளையை நீக்குவது சிறு செயலா? சோதனைக்காகப் பிள்ளைகளா, பிள்ளைகளுக்காகச் சோதனையா?

ஆசிரியப் பெருமக்களே, எண்ணிப் பாருங்கள்.