'லூஸ்' வேறு, 'லூஸ் அவுட்' வேறு... ஒரு 'அவுட்' என்ன மாற்றுகிறது?

ஆபீஸ் மெயிலில் 'யூ மே லூஸ் அவுட்' என்று ஒரு வரி வந்தால் பலருக்குப் பகீர் என்கிறது. கையில் இருப்பதை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அந்த வரி சொல்வது வேறு.

'லூஸ்' என்றால் இருந்தது போச்சு. பர்ஸ், போன், வேலை எல்லாம் இதில் அடங்கும். 'லூஸ் அவுட்' என்றால், கிடைத்திருக்கக்கூடியது கிடைக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. (சட்டை 'லூஸ்' என்பதில் வருவது வேறு சொல், உச்சரிப்பும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுதான் வம்பு.)

2012 ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பு, 2005-ல் சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் 54-50 என்று லண்டனுக்குப் போனது. பாரிஸ், லண்டனிடம் 'லூஸ் அவுட்' ஆனது. இதை "பாரிஸ் ஒலிம்பிக்கை இழந்தது" என்று எழுதினால் கொடுத்துவிட்டுப் பறித்த மாதிரி ஆகிவிடும். "கோட்டை விட்டது" என்றாலோ, பாரிஸ் அலட்சியமாக இருந்தது என்ற பழி வந்து சேரும். ஆங்கிலத்தில் அந்தப் பழி இல்லை. "வாய்ப்பு கைநழுவியது" என்பதுதான் நெருக்கமான தமிழ்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டி வார்த்தை முக்கியம். 'ஆன்' வந்தால் எது போச்சு; 'டு' வந்தால் யாருக்குப் போச்சு. 'ஃபோமோ'வில் இருக்கும் 'மிஸ் அவுட்' இதற்குத் தம்பி மாதிரி. பார்ட்டி, ட்ரிப்புக்கு அது போதும். போட்டி, பணம், பாதிப்பு என்று வந்தால் 'லூஸ் அவுட்'.

பிரச்னை, அந்த 'டு' காணாமல் போகும்போதுதான். 'சிறு கடைக்காரர்கள் லூஸ் அவுட்' என்று ஒரு தலைப்பு வந்தால், அவர்களுக்குப் போகவேண்டியது யாரிடம் போனது என்ற கேள்வியே எழாது. ஏதோ மழை பெய்த மாதிரி, தானாக நடந்தது போல ஆகிவிடுகிறது. இது மொழிச் சிக்கனம் இல்லை, தப்பித்தல்.

ஹெச்.ஆர். மெயில்கள் இன்னொரு ரகம். வாடகை ரசீதை இந்தத் தேதிக்குள் தராவிட்டால் வரிச்சலுகை 'லூஸ் அவுட்' என்று மிரட்டும். பழைய வரி முறையில் இருந்து, தகுதியும் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதைக் கேட்டு, கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். அதுவரை சம்பளம் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான்.