குணத்திற்கு மார்க்கு

ஒருவன் தைரியசாலியா, கோழையா, பொறுப்புள்ளவனா என்பதை ஜாதியும் ஜாதகமுமே சொல்லிவிடும் என்பார்கள். இப்போது அந்த வேலைக்குக் கேள்வித்தாள் வந்திருக்கின்றது. "புதியவர்களோடு எளிதில் பழகுவீரா?" "சிறு காரியத்திற்கும் கலங்குவீரா?" என்று நூறு, இருநூறு கேட்டு, மார்க்குப் போட்டுக் கூட்டுகிறார்கள். ஆளையே கேட்பதால் இது ஜாதகத்தைவிட மேலென்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் எண்ணைக் கண்டதும் கும்பிடுவதும் மூடநம்பிக்கையே.

குணங்கள் எத்தனை? காட்டெல் 1949-ல் வெளியிட்ட தாளில் 16. ஐசங்க் கடைசியில் 3 என்றார். இன்று பெரும்பாலான நிபுணர்கள் 5 என்கிறார்கள். சாமிக்கு எத்தனை தலை என்ற சண்டைபோலத் தோன்றினாலும் இது அப்படியல்ல. பதினாறில் ஒன்றோடொன்று ஒட்டி நடப்பவைகளைச் சேர்த்துக் கட்டினால் ஏறக்குறைய ஐந்து கட்டுகளாகின்றன. கெடுதி வேறிடத்தில் இருக்கின்றது. ஒரு தாளில் தைரியம் என்பது கூட்டத்தில் பேசுவது. மற்றொன்றில் ஆபத்தில் குதிப்பது. பேர் ஒன்றென்று இரண்டையும் கூட்டலாமா?

இந்த நீலகிரிக்கே ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901-ல் வந்து தோடர்களின் புலன்களைச் சோதித்தார். 1898-ல் டாரஸ் ஜலசந்தித் தீவில் செய்த சோதனைகளையே இங்கும் செய்ததால் ஒப்பிட முடிந்தது. அம்புமுனை போட்ட கோடுகளின் நீளத்தில் ஆங்கிலேயரைவிடத் தோடர் குறைவாக ஏமாந்தனர். குத்துக்கோட்டையும் படுக்கைக்கோட்டையும் ஒப்பிடுகையில் அதிகமாக ஏமாந்தனர். இரண்டையும் கூட்டி "ஏமாளித்தனம்" என்று ஒரு மார்க்குப் போட்டிருந்தால் உண்மையே மறைந்திருக்கும்!

குன்னூர் பேக்டரியில் 100 கிலோ பச்சைத் தேயிலையையும் 100 கிலோ தூளையும் கூட்டி, 200 கிலோ தேயிலை என்று எழுதும் கணக்கப்பிள்ளை உண்டா? சுமார் நாலரை கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தூள் என்பது, அந்த இலையையே அரைத்து உலர்த்திக் கண்ட கணக்கு. அதுபோல, இரண்டு தாள்களையும் ஒரே ஆட்களுக்குக் கொடுத்து, இதில் உயர்ந்தவன் அதிலும் உயர்கிறானா என்று பார்த்த பிறகே சேர்க்கவேண்டும்.

நிற்க, இங்கிலீஷ் தாளைத் தமிழாக்கி ஒரு தோட்டத் தொழிலாளியிடம் மேலதிகாரி கேட்டால், அவர் எல்லாவற்றிற்கும் "ஆமாங்க" என்பார். அது குணமா, பயமா? அதற்காகவே நல்ல தாள்களில் சில கேள்விகளைத் திருப்பிப் போட்டு, "ஆமாம்" என்பதற்கு மார்க்கைக் குறைக்கிறார்கள். இந்த மார்க்கைக் காட்டி ஒருவருக்கு வேலையில்லை என்று சொல்லும் முதலாளியை நாம் கேட்பது இதுதான்: எந்தத் தாள், எந்தப் பாஷையில், எந்த ஜனங்களிடம் முன்னே சோதித்தது?