கயிறு யார் கையில்?

பூண்டுலோயாவின் டன்சினன் தோட்டத்துப் பெயர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. 'மெக்பெத்' நாடகத்தில் அரசன் கடைசியாக அரண் அமைத்து உட்கார்வதும் டன்சினனில்தான். பேர்னம் காடு டன்சினனுக்கு ஏறி வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்று அவனுக்குக் குறி சொல்கிறார்கள். காடாவது நடப்பதாவது என்று ஒரே அர்த்தத்தோடு நிம்மதியாகிவிடுகிறான். எதிரிப் படை மரக்கிளைகளை வெட்டிப் பிடித்தபடி ஏறி வருகிறது.

சாமுவேல் பெக்கெற்றின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' பற்றிப் பேச்செடுத்தால் மலையகத்தில் நாமும் இப்படித்தான் நிம்மதியாகிவிடுகிறோம். 1953 ஜனவரியில் பாரிஸில் மேடையேறிய நாடகம். மரத்தடியில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். மாலையில் ஒரு பையன் வந்து, இன்றைக்கு இல்லை, நாளைக்கு நிச்சயம் வருவார் என்கிறான். கோதோ யார்? நமக்கா தெரியாது! 1948இல் பறிபோன குடியுரிமை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டுவிட்டு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றது. அந்தப் 'பிறகு' வரப் பத்து வருஷம் ஆனது. அப்புறம் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம்: 2015இலிருந்து கேட்டு, 2021இல் வர்த்தமானியில் வந்தது. அடுத்த வருஷமே நாடு வங்குரோத்தாகி அந்த ஆயிரமும் கரைந்தது.

இந்த வாசிப்பு தவறில்லை. ஆனால் வசதியானது. நம்மை வெறும் காத்திருப்பவர்களாக்கி நிறுத்திவிடுகிறது. கோதோ யாரென்று தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்றார் பெக்கெற். அவரே விட்டுவிட்ட கேள்வியைப் பிடித்துத் தொங்குவானேன்?

மேடையில் இன்னொரு ஜோடி இருக்கிறது. பொட்ஸோ எஜமான், லக்கி கழுத்தில் கயிற்றோடு அவன் மூட்டைகளைச் சுமப்பவன். நிற்கும்போதும் சுமையை இறக்கி வைக்க மாட்டான். இரண்டாம் அங்கத்தில் எஜமானுக்குக் கண் போய்விடுகிறது, லக்கிக்குப் பேச்சு போய்விடுகிறது. கயிறு மட்டும் போகவில்லை. முன்னைவிடக் கட்டையாகிறது, குருட்டு எஜமான் பின்னாலேயே வர வசதியாக. லக்கி சுமக்கும் பைக்குள் இருப்பது மணல்.

நம் தோட்டங்களிலும் எஜமான்தான் மாறினார், கயிறு போகவில்லை: வெள்ளைக்காரக் கம்பனிகள் போய் 1975இல் அரசாங்கம் வந்தது. 1992இல் மறுபடியும் கம்பனிகள் வந்தன. நமக்கு இந்த நாடகத்தில் முதலில் கண்ணில் பட வேண்டியது அந்தக் கயிறுதான் என்பது எங்கள் கட்சி. எஜமான் தடுமாறி விழுந்து கிடக்கும்போதும் லக்கி ஏன் ஓடவில்லை? இது கோதோ யார் என்பதைவிடச் சங்கடமான கேள்வி. நாம் சந்தாக் கட்டும் தொழிற்சங்கம் இதற்குப் பதில் சொல்லாது.

இதெல்லாம் தோட்டத்துச் சனங்களுக்கு விளங்காது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். 1957 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஏறக்குறைய 1,400 கைதிகள் இதே நாடகத்தைப் பார்த்தார்கள். நகரத்துப் பார்வையாளர்கள் திணறிய இடத்தில் அவர்களுக்குத் திணறல் இல்லை. நம் சனங்களோ மாசியில் காமன் கூத்து ஆடுபவர்கள். கண்ணெதிரே எரிந்த மதன் மறுபடி எழுப்பப்படுவான். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. தஞ்சைப் பக்கம் இதே கதையை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய லாவணி பாடினார்கள். ஒரு கூத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம், இரண்டுக்கும் ஆள் நின்று வாதாடலாம் என்பதை நாம் பாரிஸில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. 'இந்த நாடகம் சொல்லும் படிப்பினை என்ன?' என்று கேட்டுப் புள்ளி போடும் போட்டி மேடைகள்தான் அந்தப் பழக்கத்தைக் கெடுத்தன.

மலையக நாடகக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நாடகத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோகாமல் லயத்து வாசலில், பெரட்டுக் களத்தில் போடுங்கள். பொட்ஸோவுக்குத் துரை வேஷம் கட்டி அர்த்தத்தை எங்கள் வாயில் ஊட்டாதீர்கள். முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து விளக்கம் சொல்ல எந்த அறிஞரையும் அழைக்க வேண்டாம், இந்த இதழின் ஆசிரியர் குழு உட்பட. பார்த்தவர்கள் சண்டை போடட்டும். அந்தச் சண்டையை எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.