சுபாவத்தின் மேல் சுமத்திய பழி

மாரடைப்பு வந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழங்களோடு ஓர் உபதேசத்தையும் எடுத்துச் செல்வது நம்மிடையே சம்பிரதாயமாகிவிட்டது: "எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆசாமி, கொஞ்சம் நிதானமாக இருந்திருந்தால் இது வந்திருக்குமா?" நோய்க்கு நோயாளியின் சுபாவமே காரணம், மனத்தை அடக்கத் தெரிந்தவனை வியாதி அணுகாது என்னும் இந்த நம்பிக்கை வேதாந்த வேஷத்தில் உலவினாலும், அதற்கு விஞ்ஞான முத்திரை குத்தப்பட்ட இடம் சான்பிரான்சிஸ்கோ.

மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்னும் இரு இருதய வைத்தியர்கள், ஓயாத அவசரமும் போட்டி மனப்பான்மையும் சட்டென மூளும் கோபமும் உடையவர்களை 'ஏ வகை' மனிதர்கள் என்று 1959இல் வகுத்தார்கள். பிறகு 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்து, அவ்வகையினருக்கு இருதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது என்றார்கள். உலகம் அவ்வளவில் திருப்தியடைந்துவிட்டது. ஆனால் அதே மனிதர்களுள் நோய் கண்டு முதல் நாளைக் கடந்து பிழைத்தவர்களை ஆராய்ந்த 1988ஆம் வருஷத்து அறிக்கையோ, அதன் பின்பு இருதய நோயால் மாண்டவர்கள் 'ஏ வகை'யினரில்தான் குறைவு என்றது. பதற்றக்காரருக்கு ஆயுள் கெட்டி என்ற இந்தச் செய்தியை எந்த உபதேசியும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழி சுபாவத்தின் மேல் விழுந்ததில் பரமானந்தம் அடைந்தவர்கள் சிகரெட்டு வியாபாரிகள். ஃபிரீட்மனின் ஆராய்ச்சி நிலையத்துக்கு பிலிப் மாரிஸ் கம்பெனி பணம் கொடுத்தது. லண்டனில், புற்றுநோய்க்குப் புகையைவிடச் சுபாவமே பெரிய காரணம் என்று வாதித்த மனோதத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ஐசெங்கும் புகையிலைப் பணம் பெற்றவரே; அவர் பங்கு கொண்ட 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று அவர் பணியாற்றிய கிங்ஸ் கல்லூரியே 2019இல் விசாரித்துத் தீர்ப்பளித்தது.

சரி, இருதயத்தை உண்மையில் வருத்துவது எது? 1967இல் லண்டன் அரசாங்க உத்தியோகஸ்தர்களிடையே தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், பெரும் பொறுப்புகளைச் சுமந்து ஓடிய மேலதிகாரிகளைவிட, கடைநிலைச் சிப்பந்திகளே மும்மடங்குக்கு மேல் இருதய நோயால் மாண்டார்கள் என்பதை மைக்கேல் மார்மட்டும் அவர் சகாக்களும் கண்டார்கள். புகைப்பழக்கம், இரத்தக் கொதிப்பு முதலியவற்றைக் கழித்த பின்னும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையின் போக்கைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரம் அற்றவர்களுக்கு அந்நோய் அதிகம் என்று காட்டியது. கடைநிலைச் சிப்பந்திகள் அனைவரும் ஒருசேர முன்கோபிகளாகவா பிறந்திருப்பார்கள்?

தியானமும் மூச்சுப் பயிற்சியும் மனத்துக்கு இதமளிப்பதை நான் மறுக்கவில்லை. செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். சிப்பந்திகளை மாலையில் நிறுத்திவைத்து மன அமைதி வகுப்பு நடத்தும் நிர்வாகிகளிடந்தான் என் விண்ணப்பம்: முதலில் அவர்களுடைய வேலை நேரத்தையும் வேலையின் ஒழுங்கையும் பற்றி அவர்களையே கலந்து முடிவு செய்யுங்கள், நிதானத்தைப் பற்றிய உபதேசத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.