ஸ்டேஷனுக்குள் நடந்ததை ஊர் அறியட்டும்

“எல்லாத்தையும் வெளிய விட்டா அப்புறம் போலீசுக்கு எவன் பயப்படுவான்?” விசாரணைக்குக் கூட்டிப்போன ஒருவர் பிணமாகத் திரும்பினார் என்று செய்தி வரும்போதெல்லாம், கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தொடங்கி தேனி கலெக்டர் ஆபீஸ் வாசல் வரை இந்தக் கேள்வி காதில் விழுகிறது. கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்தவர்கள், தோட்டத்து மோட்டார் வயரைத் திருட்டுக் கொடுத்தவர்கள், பள்ளிக்கூடத்துப் பக்கம் கஞ்சாப் பொட்டலம் கைமாறுவதைக் கண்டு பதறியவர்கள். களவாணிக்கு ஒரு பயம் வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெரிய தவறும் ஊருக்குள் நுழைந்துவிட்டது. உள்ளே நடப்பதை மூடி வைத்தால்தான் காவல் துறைக்கு மதிப்பு, திறந்து காட்டினால் மதிப்பு போய்விடும் என்ற எண்ணம் அது. உண்மை நேர் எதிரானது. மூடி மூடி வைத்துத்தான் காவல் துறை மக்களின் நம்பிக்கையை இழந்து நிற்கிறது.

நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2025 ஜனவரி 14, பொங்கல் நாள். தேவதானப்பட்டி காவல் நிலையத்துக்குள் ஆட்டோ ஓட்டும் ஒருவரைக் காவலர்கள் சேர்ந்து அடிக்கிறார்கள். நிலையத்துக் கேமரா அதைப் பதிவு செய்கிறது. அந்தக் காட்சி ஊர் கண்ணில் பட்டது ஜூலை மாதத் தொடக்கத்தில். அதுவும் தானாக வரவில்லை. ஒரு வழக்கறிஞர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போட்டு வாங்கியதால் வந்தது. தொலைக்காட்சிகளில் அது ஓடிய பிறகு விசாரணைக்கு உத்தரவு வந்தது. ஆய்வாளர் உள்ளிட்டோர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் அந்தப் பதிவு அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது. பார்க்க வேண்டியவர்கள் எந்த நாளிலும் பார்த்திருக்கலாம். ஊர் பார்த்த பிறகுதான் நடவடிக்கை கண்ணில் பட்டது. அடிபட்டவர் உயிரோடு வெளியே வந்ததால் இது ‘சின்ன விஷயம்’ ஆகிவிடாது. உயிரோடு வந்தவரின் வழக்கிலேயே உண்மைக்கு ஆறு மாதம் ஆகுமென்றால், செத்தவருக்காக யார் மனுப் போடுவது?

அந்தக் காட்சி வெளிவந்த அதே வாரத்தில்தான் தமிழ்நாடே திருப்புவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல் போன புகாரில் தனிப்படைக் காவலர்களால் அழைத்துச் செல்லப்பட்டு, 2025 ஜூன் 28 அன்று இறந்தார். தப்பியோட முயன்று விழுந்தார், வலிப்பு வந்தது என்று எழுதியது காவல் துறை. கோயிலுக்குப் பின்னால் அவரைக் கம்பால் அடித்ததை ஒளிந்திருந்து ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது, காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவ்வளவு அடித்தும் காணாமல் போன நகை கிடைக்கவில்லை. நான்கு அடி போட்டால் உண்மை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

அந்த ‘வலிப்பு’ புதிதல்ல. 2022 ஏப்ரலில் சென்னையில் விக்னேஷ் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்தபோது அவருக்கு வலிப்பு வந்ததாகச் சட்டமன்றத்திலேயே சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனை அறிக்கை காயங்களைக் காட்டியபின் அது கொலை வழக்காக மாறியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலர்களிடம் அடிபட்டு இறந்த ஜெயராஜும் பென்னிக்ஸும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்துக் கேமராவின் பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். சேமிக்க இடம் இல்லாமல் அல்ல. இடம் தாராளமாக இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் இதே கதைதான். கம்பம்மெட்டு ஏறி இறங்கினால் வருகிற நெடுங்கண்டத்தில், ஏலத்தோட்ட வேலைக்கு நம் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற அதே பாதையில், 2019 ஜூனில் ராஜ்குமார் என்பவரைச் சட்டவிரோதமாக நாள்கணக்கில் வைத்திருந்து வதைத்தார்கள். பீர்மேடு கிளைச் சிறையில் அவர் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நிமோனியா என்றது. நீதிபதி நாராயண குறுப்பு ஆணையம் புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபரிசோதனை செய்ய வைத்தது. முதலில் எழுதப்படாத காயங்கள் வெளியே வந்தன.

இந்த மரணங்களில் மக்களின் நம்பிக்கையை முறித்தது எது? அடி மட்டுமல்ல. அடிக்குப் பின் முதல் நாளில் எழுதப்பட்ட பொய். நூறு நிலையங்களில் ஒன்றில் ஒரு காவலர் வெறிபிடித்து அடித்தார் என்றால் மக்கள் அந்தக் காவலரைத்தான் வெறுப்பார்கள். ஆனால் ஏட்டு முதல் மேலதிகாரி வரை சேர்ந்து ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதும்போது, தொண்ணூற்றொன்பது நிலையங்களும் அந்தப் பொய்க்குள் இழுக்கப்படுகின்றன. அதன்பின் உண்மையாகவே நெஞ்சுவலியில் ஒருவர் காவலில் இறந்தாலும் ஊர் நம்பாது. சாலை மறியல் நடக்கும், உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் உட்காருவார்கள். அப்போது குறை அவர்கள்மேல் அல்ல.

“திறந்து காட்டினால் காவலர்களின் மனோதிடம் போய்விடும்” என்பது அடுத்த வாதம். எந்தக் காவலரின் மனோதிடம்? சாத்தான்குளத்தில் அந்த இரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, கண்டதைக் கண்டபடி நடுவரிடம் சொன்னார். தன்னை மிரட்டுவார்கள் என்ற பயத்தோடு, சுற்றிலும் சக காவலர்கள் நிற்க, அவர் சொன்னார். கேமராப் பதிவு அழிக்கப்படாமல் இருந்திருந்தால் அந்தப் பாரம் முழுவதும் ஒரு பெண் காவலரின் தலையில் விழுந்திருக்காது. மூடி வைக்கும் வழக்கம் காப்பாற்றுவது அடித்தவரை. தனியாக நிற்க விடுவது நேர்மையாளரை. ஓய்வின்றி, பந்தோபஸ்துக்கும் பட்ரோலுக்கும் ஓடிக் களைக்கிற காவலர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்கள்மீது அக்கறை இருக்கிறவர்கள் கேட்க வேண்டியது வார விடுமுறை, போதிய ஆள். பொய் எழுதும் உரிமை அல்ல.

“பயம் இருந்தால்தான் குற்றம் குறையும்” என்கிறார்கள். பயத்தை வைத்து ஆளுவது எப்படி இருக்கும் என்று இந்தப் பகுதிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் நம் பாட்டன்மார் முதுகில் ஏறிய மண் இது. கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். பிறந்த சாதிக்காகவே ஆண்கள் பெயர் பதிந்து, ரேகை வைத்து, இரவில் போலீசின் கண்பார்வையில் கிடக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தக் காலத்தில் பயத்துக்குக் குறைவே இல்லை. மரியாதை இருந்ததா? சட்டத்தின்மேல் ஒட்டுதல் இருந்ததா? “போலீஸ் வருது” என்றால் ஊர் காலியாவதுதான் இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கண் முன்னால் திருட்டு நடந்தாலும் “நமக்கெதுக்கு வம்பு, சாட்சிக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க” என்று கதவைச் சாத்துகிறோம். சாட்சி சொல்ல ஆள் வராத ஊரில் எந்த ஆய்வாளரும் குற்றத்தை நிரூபிக்க முடியாது. பயம் களவாணிக்கு முன்னால் சாட்சியைத்தான் விரட்டுகிறது.

திறந்து காட்டியதால் காவல் துறை அழிந்ததும் இல்லை. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் 1855ஆம் ஆண்டு அறிக்கை, விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி உட்பட அன்றைய கொடுமைகளைப் பெயர் சொல்லி எழுதியது. வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்சியின் அறிக்கையே அப்படி எழுதியது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்து இன்றைய காவல் துறைக்கு அடித்தளம் போடப்பட்டது. 170 ஆண்டுக்கு முன் ஒரு கம்பெனி அரசாங்கம் ஒப்புக்கொண்டதை, தேர்ந்தெடுத்த அரசாங்கத்தின் காவல் நிலையம் ஒப்புக்கொள்ளக் கூசுகிறது.

நம்பிக்கை எப்படி வளரும் என்பதை முல்லைப் பெரியாறு நமக்குத் தினமும் காட்டுகிறது. அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று காலைப் பேப்பரில் வருகிறது. இரண்டு மாநிலங்கள் மல்லுக்கட்டும் விஷயம் அது. ஆனாலும் அளவு என்ன என்பதில் சண்டை இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பின்படி அமைந்த மேற்பார்வைக் குழுவில் இரு தரப்பு ஆட்களும் இருந்தார்கள், இரு தரப்பும் ஒரே அளவுகோலைப் பார்த்தார்கள். காவல் மரணத்தில் அந்த அளவுகோல் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், எழுத்தில் பெரிதாக இல்லை. கைது செய்பவர் பெயர்ப்பட்டையோடு இருக்க வேண்டும், நேரம் குறித்த கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒவ்வொரு நிலையத்திலும் வாசல் முதல் லாக்கப் வரை ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று சொன்னது. காவலில் மரணம் என்றால் நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

நடப்பது வேறு. விடிகாலையில் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கும். மஃப்டியில் நாலு பேர். “சும்மா ஒரு விசாரணைதாம்மா, மத்தியானத்துக்குள்ள அனுப்பிருவோம்.” எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டார்கள். அந்த அம்மா பக்கத்து நிலையத்துக்கு ஓடினால் “இங்க அப்படி யாரும் இல்லையே” என்பார் பாரா நிற்பவர். அடுத்த நிலையம், அதற்கடுத்த நிலையம். எஃப்.ஐ.ஆர். இல்லை, பொது நாட்குறிப்பில் பெயர் இல்லை, வைத்து விசாரிக்கும் தோப்பிலும் லாட்ஜிலும் கேமராவும் இல்லை. தூக்கிய நேரத்துக்கும் கைது எழுதும் நேரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மணிக்கணக்கில்தான் மனிதர்கள் சாகிறார்கள்.

புகார் சொல்லப் போகிற இடத்தையும் பாருங்கள். தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் 2013 அமைத்த மாவட்டப் புகார் ஆணையத்தில் கலெக்டர் தலைவர், மாவட்ட எஸ்.பி.யே உறுப்பினர். எஸ்.பி.யின் கீழ் வேலை செய்பவர் அடித்த அடியை எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் மேசையிலேயே போய்ச் சொல்ல வேண்டும். குமுளி தாண்டினால், கேரளத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். அங்கேயும் நெடுங்கண்டம் நடந்தது உண்மை. ஆனால் பதவியில் இல்லாத ஒரு முன்னாள் நீதிபதியிடம் போய் நிற்க அங்கே ஒரு வாசலாவது இருக்கிறது.

ஆகவே கேட்பது இவைதான். கூட்டிப்போன நொடியில் நேரமும் அதிகாரியின் பெயரும் நிலையத்தின் பெயரும் எழுதிய சீட்டு வீட்டார் கையில் தரப்பட வேண்டும். மரணமோ பலத்த காயமோ நேர்ந்தால் அன்றைக்கே கேமராப் பதிவும் நாட்குறிப்பும் நடுவரின் கைக்குப் போக வேண்டும். நிலையத்தில் ஒரு பிரதிகூட அழிக்கத்தக்க நிலையில் இருக்கக் கூடாது. பிரேதப் பரிசோதனையின் வீடியோவும் அறிக்கையும் கேட்டு அலையாமல் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். நடுவரின் விசாரணை அறிக்கை மக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். மாவட்டத்தில் எந்தெந்த நிலையத்தில் கேமரா வேலை செய்கிறது என்ற பட்டியல் மாதந்தோறும் கலெக்டர் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். விசாரணை முடியும்வரை ‘வலிப்பு’, ‘வழுக்கல்’ என்று எந்த அதிகாரியும் பேட்டி கொடுக்கக் கூடாது.

புகார் ஆணையத்திலிருந்து எஸ்.பி. விலகுவதற்குச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, கலெக்டரும் எஸ்.பி.யும் மனம் வைத்தால் தேனியில் நாளைக்கே தொடங்கலாம். கேட்க வேண்டியது நாம். நாளைக்கு அந்தக் கார் நிற்கப்போவது களவாணி வீட்டு வாசலில் மட்டும் அல்ல. அஜித்குமார் மீது எந்த நீதிமன்றமும் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்கவில்லை. ஒரு புகார்தான் இருந்தது. புகார் யார்மேலும் வரலாம். வந்த அன்றைக்கு நம் பிள்ளை எங்கே இருக்கிறான், யாருடைய பொறுப்பில் இருக்கிறான் என்ற பதில் நமக்கு உடனே கிடைக்க வேண்டும். அந்தப் பதிலைத் தருகிற காவல் துறையைத்தான் இந்த ஊர் நம்பும். அதற்குத்தான் சாட்சி சொல்லவும் வரும்.