பிளானை மாத்துறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க: லேண்ட்லைன் நெட் ஏன் ஸ்லோ?

வைஃபை சிக்னல் ஃபுல்லா இருக்கும். ஆனா மீட்டிங்கில் உங்க முகம் மட்டும் உறைஞ்சு நிற்கும். புதுச்சேரியில் 0413 லேண்ட்லைன் வயரிலேயே நெட் வாங்கும் வீடுகளுக்கு இது பழகிப்போன தொல்லை. "பெரிய பிளானுக்கு மாறிடுங்க" என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. பல நேரங்களில் அது வீண் செலவு. கோளாறு பிளானில் இல்லை, வயரில் இருக்கிறது.

வயரில் என்ன பிரச்சினை?

டெலிபோனின் செம்புக் கம்பி வழியே நெட் தருவது ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம். பிஎஸ்என்எல் 2005-ல் தொடங்கிய 'டேட்டாஒன்' இந்த வகைதான். இதன் மேம்பட்ட வடிவமான ஏடிஎஸ்எல்2+, எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் 24 எம்பிபிஎஸ் வரை தரும். தூரம் கூடக்கூட சிக்னல் தேயும். 5 கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் வருவதே பெரிசு.

கடலோர ஊரில் உப்புக்காற்று பட்டு ஜாயின்ட்களில் களிம்பு ஏறும். மழைநீர் கேபிளுக்குள் இறங்கும். 2024 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை வாங்கிய ஊர் இது.

15 நிமிஷத்தில் நீங்களே பாருங்க

1. லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு இணைச்சு ஸ்பீடு டெஸ்ட் எடுங்க. கேபிளில் வேகம் சரியா இருந்தால் சிக்கல் வைஃபையில்தான். ஒயிட் டவுன் பழைய வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்ட வைஃபை திணறும். மோடத்தை இடம் மாத்துங்க.

2. ரிசீவரை எடுத்து டயல் டோன் கேளுங்க. கரகரன்னு இரைச்சல் வந்தால் லைனில் கோளாறு.

3. போன், ஸ்ப்ளிட்டர் எல்லாத்தையும் கழட்டிட்டு மோடத்தை மட்டும் லைனில் மாட்டுங்க. வேகம் கூடினால் ஸ்ப்ளிட்டரையோ வீட்டு வயரையோ மாத்தினால் போதும்.

4. பிரவுசரில் மோடத்தின் பக்கத்தைத் திறங்க. பல மோடம்களுக்கு முகவரி 192.168.1.1. அதில் எஸ்என்ஆர் மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே இருந்தாலோ, அட்டெனுவேஷன் 60-ஐத் தாண்டினாலோ பிளானை மாத்திப் பயனில்லை.

இன்னொன்று: 8 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 1 எம்பி-தான் டவுன்லோடு ஆகும். அது கோளாறு இல்லை, கணக்கு.

புகாரை எப்படிக் கொடுப்பது?

"நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீங்க. மோடம் காட்டும் எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதையே சொல்லுங்க. டாக்கெட் நம்பர் வாங்காமல் போனை வைக்காதீங்க. தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது

பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று மத்திய அரசு 2023-ல் வரையறுத்தது. அதைக்கூடத் தாங்காத வயரில் பெரிய பிளான் விற்பது, அடைப்பெடுத்த குழாய்க்குப் பெரிய தொட்டி விற்பது மாதிரி. பிளான் விலையைச் சொல்லும்போதே "உங்க லைன் இவ்வளவு வேகம்தான் தாங்கும்" என்றும் எழுத்தில் தர வேண்டும். அந்த எண் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஃபைபர் வந்துவிட்ட தெருக்களில் பழைய வாடிக்கையாளரை முதலில் மாற்ற வேண்டும். ஃபைபர் வராத தெருக்களில், கிடைக்கும் வேகத்துக்கு மட்டும் பில் போடுவதுதான் நியாயம்.